பத்துக்கு அஞ்சு

ஆகஸ்ட் 9, சனி

லண்டன் ஹாரோவில் பதினோரு வருஷம் சனிக்கிழமை டியூஷன் எடுத்தேன். முன்னறையில் எட்டு நாற்காலி, ஒரு வெள்ளைப் பலகை. நோட்டில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பக்கம்: என்ன தெரியும், என்ன தெரியாது, அம்மா எப்படி, அப்பா எப்படி. நோட்டில் எழுதாவிட்டால் எனக்குக் கை ஓடாது. இப்போது அமெரிக்காவில் ஒஹையோவுக்கு வந்து சேர்ந்தாயிற்று. இங்கே எனக்குப் பிள்ளை ஒன்றே ஒன்று, என் மகள் மிதுனா, வயது பதினைந்து. அவளுக்கென்றே முழு நோட்டையும் ஒதுக்கிவிட்டேன்.

எல்லாம் என் வீட்டுக்காரர் சென்னியப்பனின் வேலை மாற்றத்தால் வந்தது. (நோட்டில் பேர் எழுதலாம், தப்பில்லை.) பிள்ளையைப் பாதிப் படிப்பில் பிடுங்கிக்கொண்டு வந்திருக்கிறோம். இங்கிலாந்தில் பத்தாவது வருஷமும் பதினொன்றாவதும் சேர்ந்து ஒரே படிப்பு. ரெண்டு வருஷம் படித்து, கடைசியில் மே மாசம் ஜி.சி.எஸ்.இ. பரீட்சை. இவள் முதல் வருஷத்தை முடித்துவிட்டாள். மீதியை யார் முடிப்பது?

"கிறிஸ்துமஸ் வரைக்கும் பாப்போம் கோகிலா. புடிக்கலைன்னா அப்பறம் ரோசனை பண்ணலாம்," என்றார் இவர்.

"புடிக்கறது புடிக்கலைங்கறதெல்லாம் ஒரு கணக்கா? மார்க்கு வெச்சுப் பாப்போமுங்க. டிசம்பர்ல எல்லாப் பாடத்துலயும் 'பி'க்குக் குறையாம வாங்குனா இங்க இருக்கட்டும். ஒண்ணுல குறைஞ்சாலும் ஜனவரில லண்டன்."

இவர் சரி என்றார். மிதுனாவும் தலையை ஆட்டினாள். தங்கச்சி பூங்கொடி வீடு ஹாரோவிலேயே இருக்கிறது, சின்ன அறை ஒன்று காலி. பழைய பள்ளியில் ஜனவரிக்குள் வந்தால் சேர்த்துக்கொள்வார்கள். பரீட்சை முடிகிற வரைக்கும் நானும் கூடப் போய் இருப்பேன். பிள்ளையைத் தனியாகவா விடமுடியும்?

ஆகஸ்ட் 12, செவ்வாய்

பள்ளியில் சேர்க்கப் போனோம். லண்டனில் இவளுக்கு அடுத்தது பதினொன்றாவது வருஷம், ஆகவே விண்ணப்பத்தில் பதினொன்றாம் வகுப்பு என்று எழுதினேன். பிள்ளைகளுக்கு வகுப்பு ஒதுக்குகிற பள்ளிக் கவுன்சிலர் அம்மாள் சிரித்துக்கொண்டே அதை அடித்து, பத்து என்று எழுதினாள். ஒரு வருஷம் கீழே இறக்குகிறாள் பார் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இருபது நிமிஷம் விடவில்லை. லண்டனில் என்னிடம் படித்த பிள்ளைகள் எந்தெந்தப் பள்ளிக்குப் போயிருக்கிறார்கள் என்று பட்டியலே சொன்னேன். அந்தம்மாள் சிரித்த முகம் மாறாமல் கேட்டுக்கொண்டாள். மிதுனா தரையைப் பார்த்துக்கொண்டு இருந்தாள்.

திரும்பும்போது காரில் விரல் விட்டு எண்ணினேன். அங்கே ஐந்து வயதிலேயே ஒன்றாவது வருஷம். இங்கே ஐந்து வயதுக்கு நம்பரே கிடையாது, கிண்டர்கார்டன் என்று பேர் மட்டும்தான். ஆறு வயதில்தான் ஒன்று. அப்படியென்றால் அங்கத்திய பதினொன்று இங்கே பத்து.

சரி, அந்த விஷயத்தை இத்தோடு விடுகிறேன்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

முதல் வாரம் முடிந்தது. சீருடை இல்லை. காலையில் எழுந்து நின்று கொடியைப் பார்த்து உறுதிமொழி சொல்கிறார்கள். வரலாற்று வாத்தியார் மிஸ்டர் டன்லப்பைப் பிள்ளைகள் "மிஸ்டர் டி" என்று கூப்பிடுகிறார்களாம், அவரும் திரும்பிப் பார்க்கிறாராம்.

ரெண்டு நாட்டுப் படிப்பையும் ஒப்பிட்டு ஒரு அட்டவணை போட்டு அனுப்பச் சொல்லி எங்கள் சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் கேட்டிருந்தார்கள். ஒரு வாரம் போதாதா எனக்கு? அனுப்பிவிட்டேன். சுருக்கம் இதுதான்: இங்கிலாந்து ஆழம், அமெரிக்கா அகலம். பதினெட்டுப் பேர் கட்டைவிரல் போட்டார்கள்.

செப்டம்பர் 4, வியாழன்

தினமும் ஒரு மூட்டை வீட்டுப்பாடம். ஒரு தாளில் பத்துக் கேள்வி, அதுவும் கோடிட்ட இடம் நிரப்புவது. பார்த்ததும் சிரிப்பு வந்தது.

"இதெல்லாம் பொழுதுபோக்கு கண்ணு. பரீட்சை வர்றப்ப ஒரே அடியா அடிச்சுக்கலாம். நீ ஜி.சி.எஸ்.இ. கணக்கைப் பாரு," என்றேன்.

"இங்க எல்லாரும் செஞ்சு குடுக்கறாங்கம்மா."

"குடுக்கட்டும். நமக்கெதுக்கு?"

மிதுனா லண்டன் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போனாள். நல்ல பிள்ளை, எதிர்த்துப் பேசமாட்டாள்.

செப்டம்பர் 17, புதன்

இன்று கேட்டதை எழுதாமல் இருக்க முடியாது. மூக்குத் துடைக்கிற டிஷ்யூ பெட்டி ரெண்டு வாங்கிக் கொடுத்தால் வேதியியலில் கூடுதல் மார்க்காம். மிதுனா வாங்கித் தரச் சொன்னாள். "சளிக்கெல்லாம் மார்க்கு வாங்கற வம்சம் இல்ல நாம," என்றேன். பூங்கொடிக்கு போன் போட்டுச் சொன்னேன், அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

லண்டனில் பரீட்சைத் தாளைத் திருத்துகிறவர் யாரோ, எந்த ஊரோ. பிள்ளையின் முகம் தெரியாது, அப்பன் பேர் தெரியாது, ஒரு நம்பர்தான். அதுதான் நியாயம். அதில் மட்டும் என்னை யாரும் அசைக்க முடியாது.

அக்டோபர் 3, வெள்ளி

மார்க் பார்க்கிற போர்ட்டலை இன்றுதான் திறந்தேன். வேதியியல் 61. வரலாறு 66. ஆங்கிலம் 70. பதினான்கு வீட்டுப்பாடத்துக்குப் பூஜ்யம் போட்டிருக்கிறார்கள். கவுன்சிலர் ஏற்கனவே நாலு இமெயில் அனுப்பியிருக்கிறாள். நான் திறக்கவில்லை. லண்டனில் பள்ளி இமெயில் என்றால் ஏதாவது பிள்ளை தலையில் பேன், இல்லாவிட்டால் கேக் விற்பனை. இங்கே அப்படி இல்லை போலிருக்கிறது.

வீட்டுப்பாடமும் மார்க்குக்குச் சேருமாம். தினமும் செய்கிற எல்லாமும் சேருமாம். கடைசிப் பரீட்சை ஒரு ஓரத்தில் கிடக்கிற சின்ன விஷயமாம். இதை யாராவது முதல் நாளே சொல்லியிருக்க வேண்டாமா?

"சொன்னேனேம்மா," என்றாள் மிதுனா.

அக்டோபர் 11, சனி

கண்டுபிடித்துவிட்டால் அப்புறம் நம்மைப் பிடிக்க ஆள் கிடையாது. சாப்பாட்டு மேசையில் அட்டவணை ஒட்டியாயிற்று. விட்டுப்போன வீட்டுப்பாடத்தைத் தாமதமாகக் கொடுத்தாலும் பாதிக்கு மேல் மார்க் உண்டாம். பரீட்சையில் தவறினாலும் இன்னொரு தடவை எழுதலாமாம். இவ்வளவு இரக்கம் வைத்துக்கொண்டு இந்த நாடு எப்படிப் பிழைக்கிறது என்று தெரியவில்லை. ஆனால் கொடுக்கிறதை வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். ஒன்பது தாளை மிதுனா ஒரே வாரத்தில் முடித்தாள். டிஷ்யூ பெட்டி நாலு வாங்கினேன்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. இங்கே லீவு கிடையாது. காலையில் எண்ணெய் வைத்துக் குளித்துவிட்டுப் பள்ளிக்குப் போனாள். ஒரு டப்பா நிறைய முறுக்கு கொடுத்து அனுப்பினேன். டப்பா காலியாகத் திரும்பியது. யார் தின்றார்கள் என்று கேட்டேன்.

"க்ரூ."

நாடகத்துக்கு மேடை அமைக்கிற பிள்ளைகளாம். பலகை அறுப்பது, வர்ணம் அடிப்பது. பள்ளி முடிந்து வாரம் மூன்று நாள் இவளும் போகிறாள். அதற்கு மார்க் உண்டா என்று கேட்டேன், இல்லை என்றாள். பின்னே எதற்கு? "வாட்டர்" என்று நன்றாகச் சொல்லிக்கொண்டிருந்த பிள்ளை இப்போது "வாடர்" என்கிறாள். போனில் யாரிடமோ சத்தமாகச் சிரிக்கிறாள். ஹாரோவில் இப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. ஜனவரியில் அங்கே போனால் பேச்சு மறுபடி சரியாகிவிடும்.

போனால் என்று எழுதுகிறேன். மார்க்கைப் பொறுத்ததுதான்.

நவம்பர் 8, சனி

மார்க்கெல்லாம் ஏறிவிட்டது. வேதியியல் 83. ஆங்கிலம் 85. கணக்கில் 97, அதைச் சொல்லவே வேண்டாம்.

ஹாரோவிலிருந்து சுகந்தி கூப்பிட்டாள். யாழ்ப்பாணத்துக்காரி. அவளுடைய மூத்தவளை நான்தான் லெவன் பிளஸ் பரீட்சையில், நல்ல பள்ளிக்குப் பதினோரு வயதில் எழுதுகிற நுழைவுத் தேர்வில், தேறவைத்தேன். "டீச்சர், சின்னவளுக்கும் நீங்கள்தான் வேணும். வேற ஆக்களிட்ட விட எனக்கு மனமில்லை. ஜனவரியில வகுப்புத் தொடங்குவியளோ?" என்று கேட்டாள். பார்க்கலாம் என்றேன்.

இங்கே நான் டீச்சர் என்று ஒருவருக்கும் தெரியாது. கடையில் என் பேரைக் கேட்டு, சொல்ல வராமல், முதல் ஆங்கில எழுத்தை மட்டும் "ஜி" என்று எழுதிக்கொள்கிறார்கள்.

நவம்பர் 12, புதன்

மிதுனா ஒரு தாளைக் கொண்டுவந்தாள். வரலாற்று வகுப்பில் பங்கெடுத்ததற்கு நூற்றுக்கு இருபது மார்க்காம். அதை வாத்தியார் போடமாட்டாராம், பிள்ளையே தனக்குத் தானே பத்துக்கு எத்தனை என்று போட்டு, ஏன் என்று ரெண்டு வரி எழுத வேண்டுமாம். இப்படி ஒரு கூத்தை நான் கேள்விப்பட்டதே இல்லை.

"மத்தவங்கெல்லாம் எத்தனை போடறாங்க?"

"பத்து. சில பேர் ஒம்பது."

"வெக்கமா இருக்காது? நீ அஞ்சு போடு கண்ணு."

"அஞ்சா?"

"அவருக்குக் கண்ணு இல்லையா? அவரே பாத்து ஏத்திப் போடுவாரு. 'நான் இன்னும் முயற்சி செய்யவேண்டும்'னு எழுது. மரியாதையா இருக்கும்."

ஊரில் சொந்தபந்தம், ஒறம்பரை வீட்டுக்கு விருந்துக்குப் போனால் இலைக்கு மேலே கையை நீட்டி "போதும் போதும்" என்போம். அந்தக் கையை விலக்கிவிட்டு இன்னொரு கரண்டி போடுவதுதான் மனுஷ லட்சணம். போதும் என்றதும் உண்மையிலேயே நிறுத்திவிடுகிற வீட்டுக்கு மறுபடி யார் போவார்கள்? வாத்தியாருக்கு இதுகூடத் தெரியாமலா இருக்கும்.

கொஞ்ச நேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்துவிட்டு, அஞ்சு போட்டு மடித்து வைத்தாள்.

நவம்பர் 27, வியாழன்

நன்றி சொல்லும் நாளாம், லீவு. இன்றைக்கு எல்லார் வீட்டிலும் வான்கோழியாம், அதற்கு நான் எங்கே போக? கோழிக் குழம்பு வைத்தேன்.

டிசம்பர் 8, திங்கள்

வரலாறு 78.

மற்றதெல்லாம் பி-யும் ஏ-யும். இது மட்டும் சி ப்ளஸ். எண்பது வந்தால்தான் பி கணக்கில் வரும். பருவம் பத்தொன்பதாம் தேதி முடிகிறது. ஏன் குறைந்தது என்று தெரியவில்லை. நாளைக்குப் பார்க்க வேண்டும்.

டிசம்பர் 9, செவ்வாய்

மிளகாய், மல்லி வறுத்துப் பொடித்தேன். அடுப்புக்கு மேலே பிசுக்கைத் துடைத்தேன். திரைச்சீலை நாலையும் துவைத்துப் போட்டேன். குளிர்கால உடுப்பை எடுத்து அடுக்கினேன். போர்ட்டல் பார்க்க நேரமில்லை.

டிசம்பர் 10, புதன்

இவரும் போர்ட்டலைப் பார்த்துவிட்டார். சாப்பிடும்போது கேட்டார். "வரலாறுல என்னாச்சு சாமி? பரீட்சையெல்லாம் நல்லாத்தான எழுதியிருக்கற. பங்கெடுத்ததுக்கு மட்டும் பத்துக்கு அஞ்சுன்னு போட்டிருக்குது."

மிதுனா சாதத்தைப் பிசைந்துகொண்டே சொன்னாள். "நான் கிளாஸ்ல சரியாப் பேசலப்பா. அதான்."

இவர் பெருமூச்சு விட்டார். "பேசியிருக்கலாமே கண்ணு. சரி, உட்டுத்தள்ளு. ஆகஸ்ட்ல பேசுன பேச்சுன்னா பேச்சுதான். பூங்கொடிகிட்டச் சொல்லிரு கோகிலா."

நான் ரசம் எடுக்க அடுப்படிக்குப் போனேன். பூங்கொடியிடம் சொன்னேன். அறையைச் சுத்தம் பண்ணி வைக்கிறேன் என்றாள். டிக்கெட் ரெண்டு பார்த்து வைத்தாயிற்று, ஜனவரி ரெண்டாம் தேதிக்கு.

டிசம்பர் 11, வியாழன்

இன்று எழுத ஒன்றுமில்லை.

டிசம்பர் 13, சனி

காலையில் இவர் காருக்கு டயர் மாற்றப் போனார். மிதுனா அறைக்குப் போனேன். கட்டில் மேல் பெட்டியைத் திறந்து வைத்து, துணிகளை ரெண்டு பங்காகப் பிரித்துக்கொண்டிருந்தாள். யாரும் சொல்லவில்லை, அவளாகவே.

"யாரு உன்னை இப்பவே எடுத்து வெக்கச் சொன்னா?"

"டீல்னா டீல்தானேம்மா."

"அப்பாகிட்ட எதுக்குப் பொய் சொன்ன? நான் சொல்லித்தானே அஞ்சு போட்ட?"

"சொன்னா நீங்க ரெண்டு பேரும் சண்டை போடுவீங்க. எப்படியும் நீங்க லண்டன் போகணும்னுதானே இருக்கீங்க."

"நானா?"

"சுகந்தி ஆன்ட்டிகிட்ட ஜனவரி பத்தாம் தேதி கிளாஸ் ஆரம்பம், எட்டு நாற்காலியும் பூங்கொடி சித்தி வீட்டுலதான் இருக்குன்னு சொன்னீங்க. நான் மாடிப்படியில இருந்தேன்."

இந்த நோட்டில் நவம்பர் எட்டாம் தேதிப் பக்கத்தில் 'பார்க்கலாம் என்றேன்' என்று எழுதியிருக்கிறேன். சொன்னது அது இல்லை. பத்தாம் தேதி ஆரம்பம் என்றுதான் சொன்னேன். அப்போது மார்க்கெல்லாம் ஏறிக்கொண்டிருந்தது, அவள் இங்கேயே இருக்கப்போகிறாள் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் சொன்னேன்.

கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். மடித்த துணியைத் தள்ளி வைத்துவிட்டுக் கேட்டேன். "நீ எங்க இருக்கணும்னு நெனைக்கற கண்ணு?"

"யாருமே இதைக் கேக்கலையே," என்றாள். அப்புறம், "இங்கதான்," என்றாள். ரொம்ப மெதுவாக.

"அங்க உன்ற ஃபிரண்ட்ஸ் எல்லாம் இருக்காங்களே?"

"ரெண்டு பேரும்மா. நாலு மாசமா மெசேஜே வரல. இங்க என்ன பண்ணுனாலும் யாராவது பாக்கறாங்க. அங்க மே மாசம் வரைக்கும் நான் ஒரு நம்பர்."

நம்பர்தான் நல்லது என்று அவளுக்கு என் கதையைச் சொன்னேன், முதல் தடவையாக. கோபிசெட்டிபாளையத்தில் ப்ளஸ் டூ. வேதியியல் எழுத்துப் பரீட்சை நூற்றைம்பதுக்கு நூற்று நாற்பத்தேழு, யாரோ முகம் தெரியாதவர் போட்டது. செய்முறைப் பரீட்சை ஐம்பதுக்கு முப்பத்தொன்று, எங்கள் டீச்சர் போட்டது. என் பக்கத்து மேசையில் உப்பைக் கண்டுபிடிக்கத் தெரியாமல் என்னைப் பார்த்து எழுதியவளுக்கு ஐம்பது, அவள் அப்பா நேரில் வந்து ஒரு வார்த்தை பேசிவிட்டுப் போனார். அந்தப் பத்தொன்பது மார்க்கில் என் இன்ஜினியரிங் போயிற்று. அதனால்தான் தெரிந்தவர் கையால் மார்க் வாங்குவது எனக்குப் பிடிக்காது.

"நீங்க போய் அந்த டீச்சரைக் கேக்கலையா?"

"மார்க்கு கேட்டுப் போறது மானக்கேடு. எங்கப்பாவும் போகமாட்டேன்னுட்டாரு. அவங்களாத் திருத்துவாங்கன்னு இருந்தோம்."

"திருத்தினாங்களா?"

இல்லை என்று தலையை ஆட்டினேன்.

இப்போது இதையும் எழுதிவிடுகிறேன். இந்த நோட்டில் இன்னொரு பொய் வேண்டாம். அஞ்சு போடச் சொன்னது பணிவுக்குத்தான், சத்தியமாக. ஆனால் எட்டாம் தேதி அந்த 78-ஐப் பார்த்தபோது என் மனசில் முதலில் வந்தது வெசனம் இல்லை. சந்தோஷம். பெற்ற பிள்ளைக்கு மார்க் குறைந்ததற்கு நான் சந்தோஷப்பட்டேன். நினைக்க நினைக்க எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

மத்தியானம் இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அஞ்சு போடச் சொன்னதை, சுகந்தியிடம் சொன்னதை, சந்தோஷப்பட்டதையும். இவர் கையிலிருந்த கார் சாவியை மேசையில் வைத்தார்.

"உனக்கு இங்க புடிக்கலைன்னு எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே கோகிலா. புள்ளையோட மார்க்கை எதுக்கு நடுவுல வெச்ச?"

"சொன்னா நீங்க வருத்தப்படுவீங்கன்னு..."

"இப்ப மட்டும் சந்தோஷமாவா இருக்கறேன்?" என்றார். அப்புறம் எழுந்து எனக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். "போய் அந்த வாத்தியாரைப் பாருங்க, ரெண்டு பேரும்."

டிசம்பர் 17, புதன்

மூன்று மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். லண்டனில் பெற்றோர் மாலை என்றால் ஒரு வாத்தியாருக்கு ஐந்து நிமிஷம். மணி அடித்ததும் அடுத்த மேசை. நான் கேள்வி எழுதிக்கொண்டு போவேன், அவர்கள் என்னைப் பார்த்தே பதில் சொல்வார்கள், மிதுனா நடுவில் உட்கார்ந்திருப்பாள். இன்றும் எழுதிக்கொண்டுதான் போனேன். மிஸ்டர் டன்லப் மூன்று நாற்காலியை வட்டமாகப் போட்டிருந்தார். ஐம்பது வயதிருக்கும், சட்டைக் கையில் சாக்பீஸ் தூள்.

நான் தாளைப் பிரிப்பதற்குள் அவர் மிதுனாவிடம், "இது உன் கூட்டம், நீதான் ஆரம்பிக்கணும்," என்றார்.

அவள் என்னைப் பார்த்தாள். எனக்குத் தாங்கவில்லை. அவளை முந்திக்கொண்டு நான் பேசிவிட்டேன். "அந்த அஞ்சு இவளோடது இல்லை. என்னோடது. நான் போடச் சொன்னேன். நீங்களே பார்த்து ஏற்றிப் போடுவீர்கள் என்று நினைத்தேன். எங்கள் பக்கத்தில் குறைத்துச் சொல்வதுதான் மரியாதை."

அவர் யோசித்தார். "அவள் சொன்னதை நான் நம்பினேன்," என்றார். "ஒருத்தர் தன்னைப் பற்றிச் சொன்னதை நம்பாமல் நானே மாற்றி எழுதினால், அது மரியாதைக் குறைவு என்று நான் நினைத்தேன்."

கேள்வி எழுதிய தாளைப் பிரிக்காமலே பைக்குள் வைத்தேன். லண்டனில் எந்த வாத்தியார் முன்னாலும் நான் அப்படிச் செய்ததில்லை.

அவர் மிதுனா பக்கம் திரும்பினார். "சரி. அம்மாவின் நம்பர் அஞ்சு. உன் நம்பர் என்ன?"

"எட்டு," என்றாள்.

ஏன் என்று கேட்டார். அவள் சொன்னாள். செப்டம்பர் முழுக்க வாயே திறக்கவில்லையாம், தன் லண்டன் பேச்சைக் கேட்டு யாராவது சிரிப்பார்களோ என்று பயமாம். அதற்கு ஒரு மார்க் குறைவு. ரெண்டு நாள் பாடத்தைப் படிக்காமல் போய்ப் படித்த மாதிரி தலையாட்டினாளாம். அதற்கு ஒன்று. மீதி எட்டு தன்னுடையது என்றாள். அக்டோபரில் பாஸ்டன் துறைமுகத்தில் தேயிலையைக் கடலில் கொட்டிய கதையை வைத்து வகுப்பில் விவாதம் நடந்ததாம். இங்கிலாந்து ராஜா பக்கம் பேச ஒருத்தரும் வரவில்லை. இவள் எழுந்து போய் ஒற்றை ஆளாக இருபத்தாறு பேருக்கு எதிராகப் பேசினாளாம். பாதி வகுப்பு கடைசியில் ராஜாவுக்கு ஓட்டுப் போட்டதாம். சொல்லும்போது முதுகு நிமிர்ந்து இருந்தது, கை ரெண்டும் பேசியது.

என் பிள்ளை இப்படிப் பேசுவாள் என்று எனக்குத் தெரியாது. பதினோரு வருஷம் ஊரான் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு பக்கம் எழுதியவள் நான். இவளுக்கு முழு நோட்டைக் கொடுத்தும் இது ஒன்றுகூட அதில் இல்லை.

அவர் கணினியில் அஞ்சை அழித்து எட்டு என்று போட்டார். ஒன்பது போடலாமே என்று என் நாக்கு நுனி வரை வந்தது. மென்று விழுங்கிவிட்டேன்.

வெளியே வந்ததும், "விவாதத்தைப் பத்தி வீட்டுல ஏன் சொல்லல?" என்று கேட்டேன்.

"வந்ததும் முறுக்கு டப்பா எங்கன்னு கேட்டீங்க. அப்பறம் வேதியியல் எத்தனைன்னு கேட்டீங்க," என்றாள். குறையாகச் சொல்லவில்லை, நடந்ததைத்தான் சொன்னாள்.

டிசம்பர் 19, வெள்ளி

வரலாறு 84. பி.

இவர் இனிப்பு வாங்கி வந்தார். மிதுனா பெட்டியிலிருந்த துணியை எல்லாம் அலமாரியில் திரும்ப வைத்தாள், பாட்டு முணுமுணுத்துக்கொண்டே. பூங்கொடியைக் கூப்பிட்டு அறை வேண்டாம் என்றேன்.

"அப்பக் கடைசியில அமெரிக்காப் படிப்புத்தான் ஒசத்தியாக்கா?" என்று கேட்டாள்.

"தெரியலடி. ரெண்டு நாட்டுலயும் எனக்குப் பாதிதான் தெரியும் போல இருக்குது."

அவள் நம்பவில்லை. உடம்புக்கு முடியலையா என்று கேட்டாள்.

டிசம்பர் 20, சனி

மீதி ஒரு போன்தான். காலையில் ஒன்பது மணிக்குள் மூன்று தடவை எடுத்து எடுத்து வைத்தேன். போகவேண்டும் என்று இருந்தது நான்தான். அந்த முன்னறையும் எட்டுப் பிள்ளைகளும் "டீச்சர்" என்கிற சத்தமும் எனக்கு வேண்டும். இன்னும்தான் வேண்டும். அதை நினைத்து அழுகை வந்தது, அழுது முடித்துவிட்டுத்தான் கூப்பிட்டேன்.

"சுகந்தி, ஜனவரியில நான் வரலைம்மா. சின்னவளை வேற யார்கிட்டயாவது சேர்த்துருங்க. நல்ல டீச்சர் ரெண்டு பேரு நம்பர் அனுப்பறேன்."

"ஐயோ, என்ன டீச்சர் இப்பிடிச் சொல்லுறியள்? கட்டாயம் வருவன் எண்டெல்லோ சொன்னனீங்கள்?" என்றாள். அப்புறம் குரலைத் தாழ்த்தினாள். "மிதுனா நல்லாச் செய்யேல்லையோ?"

"நல்லாச் செஞ்சுட்டா," என்றேன். "அதான் வரல."

போனை வைத்துவிட்டு அந்த ரெண்டு டீச்சர் நம்பரையும் தேடி அவளுக்கு அனுப்பினேன்.